நியூட்ரினோ எதிர்ப்பு: அறியாமையா, கேட்கப்படாத குரலா?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எழுந்த மக்கள் எதிர்ப்பை இரு தரப்பினர் இரு விதமாக விளக்கினர். அறிவியலாளருள் பலர் அதனை அறியாமை என்றனர். எதிர்ப்பாளருள் சிலர் நியூட்ரினோவையே கதிர்வீச்சு நஞ்சாகச் சித்திரித்தனர். இவ்விரு விளக்கங்களும் மலையடிவாரத்து மக்களுக்கு நீதி செய்யவில்லை என்பதே நமது நிலைப்பாடு.

முதலில் அறிவியலைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நியூட்ரினோ மின்னூட்டமற்ற, மிகக் குறைந்த நிறையுடைய துகள். சூரியனிலிருந்து வரும் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் நம் உடலைத் தீங்கின்றி ஊடுருவிச் செல்கின்றன. பிற துகள்களைத் தடுப்பதற்காகவே ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான பாறைக்கு அடியில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவத் திட்டமிட்டனர். அக்கருவி இயற்கையில் வரும் துகள்களைப் பதிவு செய்யுமேயன்றி உற்பத்தி செய்யாது. ஆகவே துகளைப் பற்றிய அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

ஆனால் மக்களின் கேள்விகள் துகளோடு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு வைக்கப்படும் வெடிகள், வெளியே கொட்டப்படும் பாறைக் குவியல், நீர், மேய்ச்சல் ஆகியவை குறித்தும் அவர்கள் கேட்டனர். திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது புறம்போக்கு நிலம். அரசுக் கோப்பில் அது யாருக்கும் உரிமையற்ற நிலம். சொந்த நிலமற்றோருக்கோ ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் எஞ்சியுள்ள ஒரே நிலம் பெரும்பாலும் அதுதான். இக்கேள்விகளுக்கு இயற்பியல் பாடம் விடையாகாது.

நடைமுறை என்ன சொல்கிறது? 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் 'சிறப்பு நேர்வு' எனக் கூறி, கட்டடக் கட்டுமானப் பிரிவின்கீழ் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அப்பிரிவில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமன்று. மலையைக் குடைவது கட்டடப் பணியாகக் கருதப்பட்டது. மக்களைக் கேட்பது விருப்பத்துக்கு விடப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இத்திட்டத்தை ஆதரித்தோர் கோலார் தங்கவயலை அடிக்கடி சான்று காட்டினர். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. உலக அளவில் முதன்மையான சாதனை அது. ஆயினும் அந்த ஆழத்தை வெட்டியவர்கள் யார்? வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தலித் தொழிலாளர்களே அங்குப் பெரும்பான்மையினர். பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டோர் பலர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையின்மையும் சயனைடு கலந்த மண்மேடுகளும் அவர்களுக்கு எஞ்சின.

அவர்கள் அறிவுக்குப் பகைவரல்லர். அதே சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலையை நடத்தி, அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியவர்கள் அம்மக்கள். அருகிலிருந்த மாரிகுப்பம் தமிழ்ப் பௌத்தத்தின் முக்கிய மையமாக விளங்கியது. நூலச்சிட்ட சமூகத்துக்கு ஆய்வகத்தில் இடம் கிடைத்ததா என்பதே வினா.

இன்றைய சட்டம் அதற்கு விடை தருகிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கும் விலக்களித்துள்ளது. கோலார் ஆய்விலும் பொட்டிப்புரம் திட்டத்திலும் முன்னின்றது முதலாவது நிறுவனம். பொட்டிப்புரத்தில் பங்கேற்றது இரண்டாவது. 'சிறந்த நிறுவனங்கள்' என்பதே விலக்குக்குச் சொல்லப்படும் காரணம். சிறப்பும் இடஒதுக்கீடும் ஒன்றுக்கொன்று பகை என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. தம்மவர் ஒருவரும் அமராத மேசையிலிருந்து வரும் உறுதிமொழியை மக்கள் ஐயுறுவது வியப்பன்று.

ஆகவே நாம் வலியுறுத்துபவை மூன்று. பொதுநிலத்தைத் தொடும் எந்த ஆய்வுத் திட்டத்துக்கும் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். வெடி, கழிவு, நீர் பற்றிய விவரங்கள் அனைத்தும் தமிழில் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். இடஒதுக்கீட்டு விலக்கு நீக்கப்பட வேண்டும். பிரபஞ்சத்தின் கமுக்கத்தை அறியும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதற்காகப் பள்ளம் தோண்டும் கடமை மட்டும் ஒரு சாராருக்கு என்றால், அதன் பெயர் அறிவியல் அன்று, சாதி.