யாரு பள்ளிக்கூடம்? நம்ம பள்ளிக்கூடம்!

 

"கவர்மெண்ட் ஸ்கூல்தானே!" இந்த வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸில் கேட்டிருப்பீர்கள், கல்யாண வீட்டில் கேட்டிருப்பீர்கள். 'தானே' என்பது இரண்டே எழுத்து. ஆனால் அதில்தான் எவ்வளவு இளக்காரம்! அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பதில் என்றதும், "ஏன், அப்துல் கலாம் படிச்சது எங்கே?" என்று நாம் கேட்போம். சரிதான். 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்த அவர் முதலில் படித்தது இதே தீவின் பஞ்சாயத்து ஆரம்பப் பள்ளியில்தான். அதற்குப் பிறகுதான் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி. ஆனால் அவர் ஜனாதிபதி ஆன கதையைவிட, அந்தச் சின்னப் பள்ளியில் நடந்த ஒரு சம்பவம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் வகுப்பில் கலாமும், கோயில் அர்ச்சகர் மகன் ராமநாத சாஸ்திரியும் முன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கலாமைப் பின் வரிசைக்குப் போகச் சொல்லிவிட்டார். பையன்கள் இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். ராமநாதனின் அப்பா லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, பிள்ளைகள் மனதில் விஷத்தை விதைக்காதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் இந்தப் பள்ளியையும் தீவையும் விட்டுப் போங்கள் என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், மாறியும் போனார்.

நண்பர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். பள்ளியில் ஒரு தப்பு நடந்தது. ஊர் கேட்டது. பள்ளி திருந்தியது. நம் பள்ளிக்கூடங்களின் தனிச் சிறப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். காசு கொடுத்து வாங்கும் பொருளில் குறை இருந்தால் வேறு கடைக்குப் போவோம். சொந்த வீட்டில் குறை இருந்தால் சரி செய்வோம். அரசுப் பள்ளி நமக்குக் கடை அல்ல, வீடு!

இது வெறும் பேச்சு இல்லை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தபோது ஊர்மக்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். 1950-களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அவற்றில் ஊர்க்காரர்களே பள்ளிக்கு நிலம், கட்டிடம், பெஞ்சு, கரும்பலகை என்று கொடுத்தார்கள். ஊர் கூடி இழுத்த தேர் இது!

அந்த வீட்டின் கதவு யாருக்கும் மூடாது. மண்டபம் முகாமுக்கு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது அரசுப் பள்ளிதான். தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்தது, மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசே அறிவித்தது. இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் இடிந்த சர்ச் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் அங்கே மீனவர் பிள்ளைகள் படிக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இடிந்ததைப் பார்க்க ஆயிரம் பேர், எழுந்து நிற்பதைப் பார்க்க ஆள் இல்லை!

அடுத்து நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும். கையில் காசு இருக்காது. சரியாக அதே ஜூனில்தான் ஸ்கூல் திறக்குது! எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகனுக்கு ஃபீஸ் கட்டக் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார்கள். அடுத்த வருஷம் அவனை நம் பள்ளிக்கே கூட்டி வந்துவிட்டார்கள். இங்கே பாடு இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்த மாட்டார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தாழ்வான பகுதி மக்களைத் தங்க வைக்கத் தேடுவதும் பள்ளிக் கட்டிடத்தைத்தான். ஓட்டுப் போடவும் இங்கேதான் வருகிறோம்.

"அதெல்லாம் சரி தம்பி, கக்கூஸ் நல்லா இருக்கா? இங்கிலீஷ் பேச வருதா? எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார் இருக்காங்களா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். பல பள்ளிகளில் இந்தக் குறைகள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனால் டீக்கடையில் கேட்டால் பதில் கிடைக்குமா? கேட்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் உரிமை நம் அம்மா அப்பாவுக்கே உண்டு. லட்சுமண சாஸ்திரி அன்று தனி மனிதராகச் செய்ததை இன்று சட்டமே செய்யச் சொல்கிறது!

ஆனால் கூட்டம் நடக்கிற அன்று அப்பா கடலில், அம்மா பாசி எடுக்கப் போயிருப்பாங்க, இல்லையென்றால் கம்பெனியில் இறால் உரிச்சுக்கிட்டு இருப்பாங்க. கையெழுத்து மட்டும் வீடு தேடி வரும். இப்படி இருந்தால் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். அதனால் என் கோரிக்கை இரண்டு.

ஒன்று, ஆசிரியப் பெருமக்களுக்கு: படகுகள் கரையில் நிற்கும் நாளாகப் பார்த்து, மாலை நேரத்தில் கூட்டம் வையுங்கள். எங்கள் ஊர் கடலைப் பார்த்துத்தான் நாள் குறிக்கும். பள்ளியும் அப்படியே குறித்தால் என்ன?

இரண்டு, மாணவ நண்பர்களுக்கு: கூட்டத் தேதியை வீட்டில் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் வந்து என்ன பேச?" என்று அம்மா சொன்னால் விடாதீர்கள். தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க டிகிரி வேண்டியதில்லை. "எம் புள்ளைக்குக் கணக்கு வாத்தியார் எப்ப வருவாரு?" என்று ஒரு தாய் எழுந்து கேட்டால், அதைவிடப் பெரிய மனு எது?

"கவர்மெண்ட் ஸ்கூல்தானே" என்று இனி யாராவது சொன்னால், "ஆமா, எங்க ஸ்கூல்தான்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. நம் வீட்டைப் போல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு