நிலம் இழந்தோருக்கு வந்த நற்செய்தி

ஞாயிறுதோறும் திருப்பலியில் நற்செய்தி வாசிக்கப்படும்போது நாம் எழுந்து நிற்கிறோம். நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறோம். ஆனால் அது என்ன செய்தி, யாருக்கு நல்ல செய்தி என்று ஒருவர் கேட்டால், எம்மில் பலர் இரண்டு விடைகளில் ஒன்றையே சொல்வோம்.

முதலாவது, நாம் நெடுங்காலமாகக் கேட்டு வந்த விடை. இவ்வுலகில் வரும் துன்பங்களைப் பொறுமையோடு தாங்கிக்கொண்டால், மறுவுலகில் ஆண்டவர் எமது கண்ணீரைத் துடைப்பார் என்பது. இரண்டாவது, அண்மைக் காலமாக எமது கிராமங்களில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டிச் சொல்லப்படுவது. விசுவசித்தால் நோய் தீரும், கல்வீடு கிடைக்கும், பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம் சரிவரும் என்பது. முதலாவது விடையில், நாம் சாகும்வரை கடவுளுக்கு எம்மிடம் சொல்ல எதுவுமில்லை. இரண்டாவது விடையில் கடவுள் ஒரு லொத்தர்ச் சீட்டாகிவிடுகிறார். இரண்டிலும் நாம் விட்டுவந்த வயலைப் பற்றியோ, தூர்ந்துபோன கிணற்றைப் பற்றியோ, எமது பக்கத்து வளவுக்காரரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

காணியை விட்டு எழும்பி வந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இவை போதா என்பதே எமது கருத்து. ஏனெனில் விவிலியத்தில் நற்செய்தி என்ற சொல் எம்மைப் போன்றவர்களை நோக்கியே பேசியது.

சொல் பிறந்த இடம்

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படைகள் எருசலேமை எரித்து, மக்களில் ஒரு பகுதியினரை நாடுகடத்திக் கொண்டுபோயின. எசாயா நூலின் 40ஆம் அதிகாரத்திலிருந்து தொடரும் பகுதி, அப்படி அந்நிய மண்ணில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்த மக்களுக்குச் சொல்லப்பட்டது. அதன் 52ஆம் அதிகாரத்தில், மலைகளின் மேலாக நடந்துவரும் ஒரு தூதுவனை இறைவாக்கினர் காட்டுகிறார். அவன் கொண்டுவரும் செய்தி சுருக்கமானது. ஆட்சி செய்பவர் உங்கள் கடவுளே, பாபிலோன் அல்ல. ஆகவே வீடு திரும்பும் பாதை திறக்கும் என்பதே அது. அந்தத் தூதுவனின் செயலைக் குறித்த எபிரேயச் சொல்லைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது கிடைத்த சொல்லையே புதிய ஏற்பாடு எடுத்துக்கொண்டது. நாம் அதனை நற்செய்தி என்கிறோம். முன்னைய மொழிபெயர்ப்புகள் சுவிசேஷம் என்றன.

அதே சொல்லை அரசர்களும் பயன்படுத்தினார்கள். இன்றைய துருக்கியிலுள்ள பிரியேனே என்ற பழைய நகரில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, உரோமைப் பேரரசன் அகுஸ்துவின் பிறந்தநாளை உலகுக்கு வந்த நற்செய்திகளின் தொடக்கம் என்று புகழ்கிறது. லூக்காவோ அதே அகுஸ்துவின் பெயரைக் குறிப்பிட்டு, அவனுடைய குடிக்கணக்குக் கட்டளையால் ஊரைவிட்டுப் போய், தங்க இடமின்றி நின்ற ஒரு குடும்பத்தைக் காட்டுகிறார். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட அவர்களது குழந்தையே நற்செய்தி என்கிறார். அதை முதலில் கேட்டவர்களும் அரண்மனையில் இருக்கவில்லை. இரவில் வெளியில் கிடை காவல் காத்த இடையர்களாக இருந்தார்கள். படையும் வரியும் தரும் செய்தி ஒன்று, கடவுள் தரும் செய்தி வேறொன்று என்பதை அக்காலத்து ஏழைகள் உடனே விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

நாசரேத்தில் நடந்தது

லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு தாம் வளர்ந்த ஊராகிய நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் எழுந்து எசாயாவின் ஏட்டை வாசிக்கிறார். ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, ஒடுக்கப்பட்டோருக்கு விடிவு, ஆண்டவர் அருள்தரும் ஆண்டின் அறிவிப்பு என்பன அதில் வரும். ஏட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அது இன்றே நிறைவேறிற்று என்கிறார். நாளைக்கு என்றோ, செத்த பின்பு என்றோ அவர் சொல்லவில்லை.

அந்த அருள்தரும் ஆண்டு எது? லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கூறும் யூபிலி ஆண்டை அது நினைவூட்டுகிறது. ஐம்பதாவது ஆண்டில் கொம்பு ஊதப்பட வேண்டும். கடனால் அடிமையானவர் விடுதலை பெற வேண்டும். கைமாறிய காணி அதன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நிலத்தை எவரும் அறுதியாக விற்கலாகாது, ஏனெனில் அது கடவுளுடையது, மனிதர் அதில் குடியிருப்பவர் மட்டுமே என்பது அச்சட்டத்தின் அடிப்படை.

எனவே காணியைக் கேட்பது அரசியல், நற்செய்தி வேறு என்று சொல்பவர்கள் விவிலியத்தைப் பாதியிலே மூடிவிடுகிறார்கள். 1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றமும், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் ஓர் உட்கூறு என்று தெளிவாகவே கூறியது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் நீதிமன்றத்தை நாடினார்கள். 1992இல் இரணைதீவை விட்டு வந்த மக்கள், 2018 ஏப்ரலில் தங்கள் வள்ளங்களிலேயே ஏறித் தீவுக்குத் திரும்பினார்கள். இவர்கள் நற்செய்தியை விட்டு விலகிப் போகவில்லை. அது காட்டிய பாதையிலேயே நடந்தார்கள்.

காணியே இல்லாதவர்

ஆனால் யூபிலிச் சட்டம் எம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கிறது. இஸ்ராயேலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு நிலம் உண்டு என்ற எண்ணத்தில் எழுந்த சட்டம் அது. எம்மத்தியில் நிலைமை அப்படியல்ல. குடாநாட்டின் நலன்புரி நிலையங்களில் ஆண்டுக்கணக்காகக் கடைசிவரை தங்கியிருந்தவர்களில் பலர், திரும்பிப் போவதற்குச் சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர்கள். சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக மற்றவர் காணியில் குடியிருந்து கூலி செய்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் களனியாக்கிய குடும்பங்கள் பலவற்றின் கையில் உறுதியும் இல்லை, பெர்மிற்றும் இல்லை.

எனது காணி எனக்கு வந்தால் போதும், அவர் பாடு அவருக்கு என்று நாம் இருப்போமானால், எமக்கு வந்தது காணி மட்டுமே. நற்செய்தி இன்னும் வரவில்லை. பங்குகளின் பெயரில் பயிரின்றிக் கிடக்கும் காணிகளும் இக்கேள்விக்கு விலக்கல்ல. திருச்சபை 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கான அறிவிப்பு மடலில் பாப்பரசர் பிரான்சிஸ், செல்வந்த நாடுகள் ஏழை நாடுகளின் கடன்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்டார். யாத்திரை போனோம், கதவு கடந்தோம், பாடல் பாடினோம். அந்த ஆண்டில் ஒரு நிலமற்ற குடும்பத்துக்கேனும் குந்தியிருக்க ஒரு துண்டு நிலம் கிடைத்ததா என்பதை ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே கேட்டுப்பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த பின்

மீளக் குடியேறியவுடன் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தவர்களின் அனுபவமும் விவிலியத்தில் உண்டு. பாபிலோனிலிருந்து மக்கள் திரும்பிய பின்னர், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எருசலேமில் எழுந்த ஓர் அழுகுரலை நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. தானியம் வாங்க வயலையும் வீட்டையும் ஈடு வைத்தோம், அரசனின் வரி கட்டக் கடன்பட்டோம், பிள்ளைகளை அடிமையாக்கினோம் என்று ஆண்களும் பெண்களும் முறையிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் பாபிலோனியர் அல்லர். சொந்த இனத்துப் பெரியவர்கள். நெகேமியா அவர்களை ஊர்ச்சபைக்கு அழைத்து, வயல்களையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்நிதிக் கடன்காரரையும், விதைநெல்லுக்கும் பசளைக்குமாக அடைவு வைத்த தாலிக்கொடியையும் அறிந்த எமது பெண்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊரிலுள்ள நல்ல நிலையிலிருப்போரும், வெளிநாட்டிலுள்ள உறவினரும், பங்குச் சபைகளும் சேர்ந்து வட்டியில்லாத ஒரு சிறு நிதியை உண்டாக்கினால், விதைப்புக் காலத்தில் அதுவே நற்செய்தியாகும். கோவில் கொடியேற்றத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

சாரிபாத் ஊர்க் கைம்பெண்

நாசரேத்து மக்கள் முதலில் இயேசுவை மெச்சினார்கள். பின்னர் ஏன் மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்? பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது சீதோனைச் சேர்ந்த சாரிபாத் ஊர்க் கைம்பெண்ணிடமே என்றும், எலிசேயுவின் காலத்தில் குணமடைந்தவன் சிரியனாகிய நாமானே என்றும் அவர் சொன்னார். இந்த விடுதலை எமக்கு மட்டும் உரியது என்று எண்ணியவர்களால் அதைத் தாங்க முடியவில்லை.

எமது மண்ணில் இதன் பொருள் என்ன? 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறியதை நாம் மறப்பதில்லை. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேல். அவர்களுள் மன்னாரிலும் முசலியிலும் எமக்கு அயலில் வயல் செய்த கமக்காரர்களும் இருந்தார்கள். எமது காணியை எமக்குத் தா என்று கேட்கும் வாய், அவர்களுடைய காணியை அவர்களுக்குக் கொடு என்றும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் எம்மவரில் சிலர் முகம் சுளிப்பார்கள். நாசரேத்திலும் முகம் சுளித்தார்கள்.

சாவுக்கு அப்பால்

காணியும் கடனும் மட்டுந்தான் நற்செய்தியா என்று கேட்கலாம். இல்லை. காணி திரும்பினாலும் அதில் ஏர் பிடித்த மகன் திரும்பாத வீடுகள் எம்மிடையே எத்தனையோ உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் புதைக்கக்கூட இயலாமல் உறவுகளை விட்டுவந்தவர்களுக்கு எந்த உறுதிப்பத்திரமும் ஆறுதல் தராது. நற்செய்தியின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது. நகருக்கு வெளியே பேரரசின் படையினரால் கொல்லப்பட்ட ஒருவரைக் கடவுள் உயிர்ப்பித்தார். கொன்றவர்களின் தீர்ப்பைக் கடவுள் ஏற்கவில்லை. ஆகவே எமது இறந்தோரும் கடவுளின் கணக்கில் தொலைந்து போனவர்கள் அல்லர். உயிர்த்தவர் தம் சீடர்களை எங்கே சந்திப்பார் என்று மாற்கு சொல்கிறார்? கலிலேயாவில். அவர்கள் வலை வீசிய, வரி கட்டிய, சொந்த ஊர்ப் பக்கத்தில். மறுவுலக நம்பிக்கை எம்மை ஊரை மறக்கச் சொல்லவில்லை. ஊருக்கே திருப்பி அனுப்புகிறது.

மண்சாடியில் வைத்த உறுதி

எருசலேம் முற்றுகையிடப்பட்டு, தாமும் காவலில் இருந்த வேளையில், இறைவாக்கினர் எரேமியா தம் சொந்த ஊராகிய அனத்தோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுநாள் அழியாதிருக்க மண்சாடியில் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார். இந்நாட்டில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மீண்டும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள். விசுவாசம் அன்று ஒரு காணி உறுதியின் வடிவில் இருந்தது.

எமது காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. உறுதி எழுதிய மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் மூடுகிறார்கள். ஆதலால் இந்தப் போகத்தில் நாம் செய்யக்கூடியவை சில. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முயல வேண்டும். பெர்மிற் காரர் பிரதேச செயலகத்தில் தங்கள் பதிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே காணியின் பெயர், நாற்புற எல்லை, கிணற்றுப் பங்கு, வாய்க்கால் பாதை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் இதற்கென முன்வர வேண்டும். அப்படி எழுதும் கொப்பியில் காணியில்லாத குடும்பங்களின் பெயர்களுக்கும், முஸ்லிம் அயலவரின் காணிகளுக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருக்கட்டும்.

அந்தக் கொப்பியை ஞாயிறன்று காணிக்கையோடு பீடத்துக்குக் கொண்டுவந்து வைத்தால், நற்செய்தி என்றால் என்ன என்பதை எமது பிள்ளைகள் மறையுரை இல்லாமலே விளங்கிக்கொள்வார்கள்.