ஜும்ஆ முடிந்தும் நிற்கிறவர்கள்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தாண்டினால் கல்முனைப் பிரதான வீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் துணி மடிக்கும் பொடியனும் ஒரே ஸஃப்பில் நிற்பார்கள். ஜும்ஆ முடிந்து சோறும் தின்ற பிறகுதான் வியாபாரம். நஷ்டம் என்று எந்த முதலாளியும் இதற்காகப் புலம்புவதில்லை. மற்ற நாட்களிலும் லுஹருக்குப் பாங்கு சொன்னால் கவுண்டரை விட்டுப் போக ஆண்களுக்கு மரியாதையான காரணம் ஒன்று இருக்கிறது. வுழூச் செய்கையில் முகமும் காலும் நனையும். கொஞ்ச நேரம் யாருக்கும் விலை சொல்ல வேண்டியதில்லை.

அதே புடவைக்கடையில் அபாயா எடுத்துக் காட்டும் பெண்பிள்ளைகளின் கதை வேறு. பள்ளிவாசலுக்குப் போய்வரும் சாக்கு அவர்களுக்கு இல்லை. நோன்புப் பெருநாள் நெருங்கி, கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும் நாட்களில் நிற்கும் நேரம் இன்னும் நீளும். கால் நரம்பு புடைக்கிறது, இடுப்பு வலிக்கிறது. ஒதுங்கப் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்தால் சிறுநீர்த் தொற்றும் வந்து சேரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விடும் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

மருதமுனைத் தறியில் இருப்பவருக்கோ சாரிக் கணக்கில் கூலி. எழும்பினால் அவருக்கே நட்டம். அங்கே எந்தச் சட்டம் போய் மணியடிக்கும்?

இந்தக் கரையோரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு ஓய்வுக்கான சட்டம் புதிதல்ல. கட்டாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த மாதமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ஊருக்குத் திரும்பி மேசன் வேலைக்குப் போனால் கொந்தராத்துக்காரர் வைத்ததே நேரம்.

கடைப் பெண்கள் விஷயத்தில் கோழிக்கோடு ஒரு வழி காட்டியது. அங்கே மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டி, தையல் தொழிலாளியான பி. விஜி ‘பெண்கூட்டு’ அமைப்பை உருவாக்கினார். முதல் கேட்டது கழிப்பறை, பிறகு இருக்கை. 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது.

ஊழியர் கதிரையில் இருந்தால் வாடிக்கையாளருக்கு அவமரியாதை என்பது நம்மூர் முதலாளிமார் சிலரின் வாதம். ஜேர்மனியின் அல்டி சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் இருந்துகொண்டுதான் பில் போடுகிறார். வரிசையில் நிற்கிறவர்கள் எவரும் அதை அவமதிப்பாக எடுப்பதில்லை.