வாட்டர்ப்ரூஃப் வேண்டாம், லெதர் பூட்ஸ் வேண்டும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தேடல்

இந்த வாரக் கேள்வி சின்னமனூரிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர், லீவு கிடைத்தால் குரங்கணி, மேகமலை என்று நடக்கக் கிளம்பிவிடுகிற ஆள். கணுக்கால் வரை மூடுகிற லெதர் பூட்ஸ் தேடுகிறார். ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே வாட்டர்ப்ரூஃப் மெம்ப்ரேன் லைனிங் இருக்கக் கூடாது. கடையில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். அட்டை கடிக்கிற மழைக்காட்டுக்குப் போகிறவர் வாட்டர்ப்ரூஃப் வேண்டாம் என்றால் பார்க்கத்தானே செய்வார்கள்!

தேனியில் மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு என்று கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு இதை எழுதுகிறேன். விலை கூடிய ட்ரெக்கிங் ஷூ எதை எடுத்தாலும் முதலில் காட்டப்படுவது 'வாட்டர்ப்ரூஃப்' என்ற அந்தச் சின்ன டேக்தான். அது இல்லாதது வேண்டும் என்றால், விலை குறைந்த துணி ஷூவை எடுத்துப் போடுகிறார்கள். நல்ல தோல், நல்ல சோல், மெம்ப்ரேன் மட்டும் இல்லை என்ற சேர்க்கை அலமாரியில் இல்லை. ஆனால் நம் மலைக்கு ஏற்றது அந்தச் சேர்க்கைதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் காலுறை

மெம்ப்ரேன் என்பது மிக மெல்லிய ஒரு படலம். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லான் குடும்பத்துப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கண்டுபிடித்தது. இழுத்ததில் அது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படலமாகிவிட்டது. ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 900 கோடி துளைகள் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. தண்ணீர்த் துளி அதில் நுழைய முடியாது. வியர்வை ஆவி மட்டும் வெளியேறலாம். 'கோர்-டெக்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனைக்கு வந்தது அதுதான். இப்போது வேறு பெயர்களில் பல கம்பெனிகள் இதே வேலையைச் செய்கின்றன. ஷூவுக்குள் அதை ஒரு காலுறை மாதிரி தைத்து, தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் வைத்துவிடுவார்கள்.

ஆவி 'வெளியேறலாம்' என்றேன் இல்லையா, அங்கேதான் சிக்கல். ஷூவுக்குள் சூடும் ஈரமும் அதிகமாகவும், வெளியே குளிர்ச்சியும் வறட்சியும் அதிகமாகவும் இருந்தால்தான் ஆவிக்கு வெளியே போக ஒரு உந்துதல் கிடைக்கும். ஐரோப்பாவின் குளிர்ந்த மலைகளில் அது நடக்கும். போடியில் வெயில் காயும்போதோ, மேகமலையில் மேகமே தரையில் உட்கார்ந்து காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போதோ, உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆவி எங்கே போகும்? போதாததற்கு, மேலே இருக்கிற தோல் நனைந்து ஊறிவிட்டால் வழி இன்னும் அடைபடும். மனிதனின் இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஏற்றத்தில் அவை சும்மா இருப்பதில்லை.

இன்னொன்று, நம் ஊர் மலையில் தண்ணீர் பெரும்பாலும் ஷூவைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. மேலிருந்து வருகிறது. கொட்டுகிற மழை பேன்ட் வழியாகக் காலில் வழிந்து இறங்கும். இல்லையென்றால் ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும். உள்ளே வந்த தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்வது மெம்ப்ரேனின் குணம். ஓட்டையில்லாத குடம் மாதிரி. அப்புறம் மீதி நடை முழுக்க சளக் புளக்தான். ராத்திரி கழற்றி வைத்தால் காலையிலும் ஈரம் போயிருக்காது.

இது போர்க்களத்திலேயே தெரிந்துபோன விஷயம். வியட்நாம் காட்டுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்குக் கொடுத்த 'ஜங்கிள் பூட்ஸ்' தண்ணீரைத் தடுக்க முயலவே இல்லை. பாதத்தின் உள்பக்கத்தில், சோலுக்குச் சற்று மேலே, தண்ணீர் வடிவதற்கென்றே இரண்டு சின்ன ஓட்டைகள் வைத்துத் தைத்தார்கள். ஈரக்காட்டில் நனைவதைத் தடுக்க முடியாது, அதனால் சீக்கிரம் வடிந்து காயட்டும் என்பது கணக்கு.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். போடி, தேவாரம், கம்பம், கூடலூரிலிருந்து விடிகாலையில் ஜீப் பிடித்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களில் ரப்பர் கம்பூட் போடுகிறவர்கள் உண்டு. வாட்டர்ப்ரூஃப் என்றால் அதைவிட வாட்டர்ப்ரூஃப் உலகத்தில் கிடையாது. சாயங்காலம் அதைக் கழற்றும்போது பாதம் எப்படி வெளுத்து ஊறிப்போயிருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். நாற்று நடுகிறவர்களுக்குத் தெரிந்த சேற்றுப்புண்தான் அது. சேறே படாமல், பத்தாயிரம் ரூபாய் ஷூவுக்குள்ளேயும் வரும்.

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும், கொப்புளம் வரும், விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வாக்கிங் ஷூ வாங்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கும், 'வாட்டர்ப்ரூஃப்தான் உசத்தி' என்று விலை கூடியதையே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இமயமலையில் பனியில் நடக்கப் போகிறீர்கள் என்றால் மெம்ப்ரேன் வேண்டும், அங்கே கால் நனைந்தால் விரலே போகும். ஊட்டியில் டிசம்பர் காலையில் பனிப்புல்லில் ஒரு மணி நேரம் நடக்கவும் அது நல்லதுதான். நான் சொல்வது கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளுக்கு, நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் நாக்கையும் பக்கவாட்டையும் பாருங்கள். ஷூவின் நாக்கைச் சொல்கிறேன். 'ஜிடிஎக்ஸ்' என்று இருந்தால் கோர்-டெக்ஸ். 'டபிள்யூபி', 'ட்ரை', 'டெக்ஸ்' என்று முடிகிற விதவிதமான பெயர்கள் இருந்தாலும் சந்தேகப்படலாம். பிறகு உள்ளே இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அடிப்பாகத்திலிருந்து பக்கங்கள் வரை ஒரே காலுறை மாதிரி துணி தொடர்ந்து வந்து, தட்டினால் லேசாகச் சரசரவென்றால் பெரும்பாலும் மெம்ப்ரேன்தான். உள்ளே தோலே லைனிங்காக இருந்து, ஓரத்தில் தையல் தெரிந்தால் நீங்கள் தேடியது அதுவே. ஆட்டுத்தோல் லைனிங் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, கழற்றி வைத்ததும் வெளியே விட்டுவிடும்.

ஆன்லைனில் தேடுகிறவர்களுக்கு ஒரு எரிச்சல் காத்திருக்கிறது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று டிக் அடிக்க இடம் இருக்கிறது. 'வாட்டர்ப்ரூஃப் இல்லாதது' என்று டிக் அடிக்க பெரும்பாலும் இடமே இல்லை. 'லெதர் லைன்ட்', 'நான்-ஜிடிஎக்ஸ்' என்று போட்டுத் தேடுங்கள். ஒரே மாடலில் இரண்டு வகையும் போடுகிற பிராண்டுகள் உண்டு. மெம்ப்ரேன் இல்லாதது விலையும் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, எங்கே கிடைக்கும்?

என் தேடலில் நம்பிக்கை கொடுத்தது ஷூ கடை இல்லை, சேஃப்டி சாமான் விற்கிற கடை. ஹெல்மெட், கையுறை, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் தொங்குகிற அதே கடைதான். அங்கே இருக்கிற லெதர் பூட்ஸ் பெரும்பாலும் மெம்ப்ரேன் இல்லாதவை. இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. ஆனால் இரும்பு முனை இருக்கும். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற மாதிரி இறக்கத்தில் விரல்கள் அந்த இரும்பில் போய்ப் போய் முட்டும், நகம் கறுத்துவிடும். அதனால் 'ஐஎஸ் 15298' என்ற முத்திரையோடு 'பார்ட் 4' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பார்ட் 2 என்றால் முனைக்கவசம் உள்ள சேஃப்டி ஷூ. பார்ட் 4 'ஆக்குபேஷனல்' வகை, அதில் முனைக்கவசம் கட்டாயமில்லை. 'ஓ2' என்று இருந்தால் மேல்தோல் கொஞ்சம் தண்ணீர் தாங்கும். 'டபிள்யூஆர்' என்று இருந்தால் முழு ஷூவும் தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டது, அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது இடம், போலீஸ், என்.சி.சி. சாமான்கள் விற்கிற கடை. ரப்பர் சோல் ஒட்டிய கறுப்பு ஹை-ஆங்கிள் பூட்ஸ் கேளுங்கள். பழகும் வரை காலைக் கடிக்கும், பழகினால் வருஷக்கணக்கில் உழைக்கும். பரேடுக்கான தோல் சோல், லாடம் அடித்த பூட்ஸ் மட்டும் வேண்டாம். ஈரப் பாறையில் வழுக்கிக்கொண்டு போகும். இதே கடைகளில் பச்சை கேன்வாஸ் ஜங்கிள் பூட்ஸும் இருக்கும். லெதர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் அதுவும் சீக்கிரம் காயும்.

பெண்களுக்கு இங்கே ஒரு பிரச்னை. இந்த இரண்டு கடைகளிலும் பெரும்பாலும் 6-ம் நம்பரிலிருந்துதான் அளவு ஆரம்பிக்கிறது. 4, 5 வேண்டுமென்றால் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. மலை ஏறுவதில் பெண்கள் குறைவா என்ன, கடைக்காரர்கள்தான் இன்னும் ஏறி வரவில்லை.

மூன்றாவது வழி, தைக்கக் கொடுப்பது. பூட்ஸ் தைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் விடாதீர்கள். 2 மில்லிமீட்டருக்குக் குறையாத ஃபுல் கிரெயின் தோல், தோல் லைனிங், மாற்றக்கூடிய ரப்பர் சோல், நாக்கு இரண்டு பக்கமும் மடிப்பாகச் சேர்த்துத் தைத்தது என்று நான்கையும் எழுதிக் கொடுங்கள். நாக்கு அப்படி இருந்தால் மணலும் அட்டையும் லேஸ் இடுக்கில் நுழையாது.

இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், தோலுக்காக நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. நம் பக்கத்து திண்டுக்கல்லே தோல் பதனிட்ட ஊர். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடிக்கிற தமிழ்நாட்டு முறை 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பல் ஏறியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தைக்கிற ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948 முதல் சென்னை அடையாறில் மத்திய நிறுவனம் இருக்கிறது. அத்தனையும் இங்கே இருந்தும், கம்பம் மலைக்கு ஏற்ற ஒரு சாதாரண லெதர் பூட்ஸை நம் ஊர்க் கடையில் வாங்க முடியவில்லை. ஏற்றுமதிக்குத் தைக்கும்போது என்ன லைனிங் வைக்க வேண்டும் என்பதை வாங்குகிற நாடு முடிவுசெய்கிறது. உள்ளூரில் அப்படிக் கேட்க ஆள் குறைவு.

வாங்கிய பிறகு

மெம்ப்ரேன் இல்லாத லெதர் நனையும். அதை ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறோம். தேன்மெழுகு கலந்த பாலிஷை மாதம் ஒருமுறை, குறிப்பாகத் தையல் ஓரங்களில், விரலால் தேய்த்துவிட்டால் பனிப்புல்லும் தூறலும் ஒன்றும் செய்யாது. அளவாகப் பூசுங்கள், அப்பினால் தோலின் மூச்சும் அடைபடும். நனைந்து வந்தால் இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேப்பரை மாற்றுங்கள். அடுப்புப் பக்கத்திலோ மொட்டைமாடி வெயிலிலோ வைத்தால் ஈரத்தோல் சுருங்கி வெடித்துவிடும்.

காலுறை கம்பளி கலந்ததாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். பையில் இன்னொரு ஜோடி வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாற்றுங்கள். அட்டைக்கு பூட்ஸை நம்பாதீர்கள். தேக்கடியில் நடக்கிறவர்களுக்குக் கொடுப்பார்களே, முழங்கால் வரை வருகிற நெருக்கமான துணியில் தைத்த அட்டைச் சாக்ஸ், அதுதான் காப்பாற்றும். பூட்ஸ் மேல் உப்பைக் கொட்டாதீர்கள், தோல் விறைத்துப் போகும்.

எந்த பூட்ஸ் போட்டாலும் அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஏறுங்கள். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணித் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்த மாவட்டம் இது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. வழிகாட்டியோடு போகலாம்.

கடைசியாக, சின்னமனூர்க்காரருக்குத் தனியாக ஒரு தகவல். பீரோவில் நான்கைந்து வருஷமாகப் போடாமல் வைத்திருக்கிற பழைய பூட்ஸ் இருந்தால், மலைக்கு எடுத்துப் போகும் முன் சோலை நன்றாக வளைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் சோல் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சும்மா இருந்தபடியே இற்றுவிடும். மேலே தோல் பளபளவென்று இருக்கும், பாதி ஏற்றத்தில் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்படி இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். தோல் நன்றாக இருக்கிற பட்சத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ரப்பர் சோல் போட முடியுமா என்று கேளுங்கள். புதுசு வாங்கும் செலவே மிச்சமாகலாம்.