யாருக்கு யார் மதினி?

இளைத்தவன் பெண்டாட்டி எல்லாருக்கும் மதினியாம்! இந்தப் பழமொழியைக் கேளாத காது நம் கரிசல் சீமையில் இல்லை. மதினி முறை என்றால் கேலி பேசலாம், கிண்டல் செய்யலாம். வழக்கம் அப்படி. ஆனால் பணக்காரன் பெண்டாட்டியை யாரும் மதினி ஆக்கிக்கொள்வதில்லை. காணி நிலமில்லாதவன், கூலிக்குப் போகிறவன், ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவன் வீட்டுப் பெண்தான் ஊர் முழுவதற்கும் மதினி. இளைத்தவன் மனம் நொந்து சொன்ன பழமொழியாகவே இது இருக்கலாம். கொழுத்தவனோ அதைத் தனக்கு எழுதிக் கொடுத்த சாசனமாக எடுத்துக்கொண்டான்!

சென்ற மாசி மாதம் ஒரு நாள். விளாத்திகுளம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மிளகாய்ப் பழம் எடுக்கப் போன பெண்கள் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். நாள் முழுவதும் பழம் எடுத்த கை எப்படிக் காந்தும் என்பது எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். கடை டி.வி.யில் ஒரு சினிமாக் காமெடி ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிய பெண்களில் ஒருத்தியைப் பார்த்து ஒரு வாலிபன், "ஏ அங்கவை, வா பழகலாம்!" என்று கூவினான். கடை சிரித்தது. அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். சிரித்தவர்களில் நம் சங்கத் தோழர் ஒருவரும் இருந்தார். இதை மறைத்து எழுத நமக்கு மனமில்லை.

அது 2007-ல் வந்த 'சிவாஜி' படத்துக் காமெடி. அங்கவை, சங்கவை என்பது வள்ளல் பாரியின் மக்கள் பெயர். அந்தப் பெயரை இரண்டு பெண்களுக்கு வைத்து, கறுப்புச் சாயத்தை அப்பி, கதாநாயகன் முன்னால் நிறுத்தினார்கள். கதாநாயகன் அலறி ஓடுகிறார். ஜனங்கள் சிரிக்க வேண்டும்! அதே படத்தில் அவரே தோல் வெளுக்கப் படாத பாடு படுகிறார். கம்ப்யூட்டர் உதவியால் வெள்ளைக்காரனாகி ஒரு பாட்டும் ஆடுகிறார். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படத்தின் மூளை இவ்வளவுதான்!

சினிமாவில் கறுத்த பெண்ணுக்கு இரண்டே வேலை. ஒன்று, ஆண்பிள்ளைக்கு அலைகிறவளாக வந்து சிரிப்பு மூட்டுவது. மற்றது, கதாநாயகனை மயக்கும் ஆட்டக்காரி. கற்புள்ள கதாநாயகி வேடத்துக்கு வடக்கேயிருந்து வெள்ளைத் தோலைக் கூட்டிவருவார்கள். 1980-ல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் போட்ட வேடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு 'சில்க்' ஆன ஸ்மிதா, ஆந்திராவின் ஏழைக் குடும்பத்துப் பெண். அவர் ஆட்டத்தைக் காட்டிப் பெட்டியை நிரப்பிய முதலாளிகள் எத்தனை பேர்! 1996-ல் அவர் செத்துப்போகும் வரை அந்த வேடத்திலிருந்து அவரை இறக்கிவிட யாருக்கும் மனம் வரவில்லை.

நாம் கேட்கிறோம்: கறுத்த பெண் யாருக்கும் வேண்டாதவள் என்கிறீர்கள்; அதே வாயால் அவள் எவனுக்கும் கிடைப்பவள் என்கிறீர்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்? இரண்டும் பொய். ஆனால் பிழைப்புக்கு உதவுகிற பொய்! வேண்டாதவள் என்றால் 1975 முதல் விற்கிற வெள்ளைக் களிம்பை விற்கலாம். (2020-ல் அந்தக் களிம்பின் பெயரை மாற்றினார்கள், வியாபாரத்தை மாற்றவில்லை.) கிடைப்பவள் என்றால் புஞ்சையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் கை நீட்டுகிறவனுக்குத் தைரியம் வருகிறது. அவள் சத்தம் போட்டால், "அவள் அப்படிப்பட்டவள்தானே!" என்ற ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்கிறான்.

களை வெட்டும் பெண்கள் சிலரிடம் இதைப் பேசினோம். ஒரு மூதாட்டி சொன்னார்: "சண்டைக்குப் போனா நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாக, அண்ணாச்சி." முழு விஷயமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வேலைக்குக் கூப்பிடுகிறவன் கையில் அவள் அடுப்பு இருக்கிறது. அவதூறு பேசுவதற்கு வாய் இருந்தால் போதும். அதை எதிர்த்துப் பேச நாளைய கூலியைப் பணயம் வைக்க வேண்டும்.

இது நம் சீமைக்கு மட்டும் வந்த நோயல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த காலத்தில், 1662-ல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாராயிருந்தாலும் சரி! எஜமான் அடிமைப் பெண்ணைக் கெடுத்தான். பிறந்த பிள்ளை அவன் சொத்துக் கணக்கில் ஏறியது. இந்தப் பாதகத்தை மூடி மறைக்க, கறுப்புப் பெண் பிறவியிலேயே காமம் மிகுந்தவள் என்று கதை கட்டினார்கள். அடிமை முறை போயிற்று, கதை போகவில்லை. 1944-ல் அலபாமா மாகாணத்தில் ரெசி டெய்லர் என்ற பெண், ஒரு குழந்தைக்குத் தாய், மாதா கோயிலிலிருந்து வீடு திரும்பும்போது வெள்ளைக்கார வாலிபர்கள் துப்பாக்கி முனையில் தூக்கிச் சென்று கெடுத்தார்கள். பிடிபட்டதும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பணம் கொடுத்தோம், சம்மதித்தாள்" என்றார்கள்! ஒருவன்கூட விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. அலபாமா சட்டசபை மன்னிப்புக் கேட்டது 2011-ல். அதற்குள் 67 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அமெரிக்காவைச் சொல்லி நாம் மார்தட்ட முடியுமா? வெள்ளைக்காரன் 1872-ல் போட்ட சாட்சியச் சட்டத்தில், கெடுக்கப்பட்ட பெண் ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க எதிரிக்கு வழி செய்யப்பட்டிருந்தது. அவன் 1947-ல் கப்பலேறினான். அந்தப் பிரிவை நம்மவர்கள் எடுத்தது 2003-ல்! 1972-ல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணைப் போலீஸ் நிலையத்துக்குள்ளேயே கெடுத்தார்கள். அவள் முன்பே ஆண் தொடர்பு உள்ளவள், உடம்பில் காயமில்லை என்றெல்லாம் பேசி, கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி, குயவர் குலத்துப் பெண். 1992-ல் அவரைக் கெடுத்தவர்களை 1995-ல் ஜெய்ப்பூர் கோர்ட்டு விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருப்பார்களா என்பது அங்கே எழுந்த சந்தேகம். ராத்திரியில் பார்க்காத சாதியை நீதிமன்றத்தில் பார்த்தார்கள்!

அதே 1992-ல், ஜூன் 20-ம் தேதி, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைமக்களின் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் கெடுக்கப்பட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. கடத்தல்காரிகள் பேச்சுக்கு என்ன மதிப்பு என்ற இளக்காரம்தான்! அந்தப் பெண்கள் விடவில்லை. செங்கொடி இயக்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் பக்கத்தில் நின்றன. 19 ஆண்டுகள் கோர்ட்டு வாசல் ஏறி இறங்கினார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. 2023-ல் ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 'அவர்கள் அப்படிப்பட்டவர்கள்' என்ற பேச்சை அந்தப் பெண்கள்தான் உடைத்தார்கள்.

இப்போது சட்டத்தில் நமக்குச் சில பிடிமானங்கள் இருக்கின்றன. தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்ணைத் தவறான எண்ணத்தோடு தொட்டாலும், ஆபாசமாகப் பேசினாலும், சைகை காட்டினாலும் வன்கொடுமைச் சட்டப்படி குற்றம். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது. அவள் முன்கதையைக் காட்டியும் தப்ப முடியாது. 2016 முதல் அமலில் இருப்பது இது. பன்வாரி தேவி வழக்கின் வழியாகப் பிறந்தது, வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், முதலாளி மேலேயே புகாரானாலும், மாவட்டத்தில் உள்ளூர் குழு விசாரிக்க வேண்டும். தாலுகா, ஒன்றிய அளவில் ஒரு பொறுப்பு அதிகாரி புகாரை வாங்கி ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது அவர்கள் கடமை. அந்த அதிகாரி யார் என்று உங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர் பெயர் கூலிக்காரப் பெண்களுக்குத் தெரியாதிருக்கும் வரை சட்டம் அலமாரியில்தான் தூங்கும்.

டீக்கடையில் சிரித்த தோழரை மறுநாள் சங்கத்தில் கேட்டோம். "சும்மா தமாஷ்தானே, தோழரே" என்றார். அவர் மகள் விடியுமுன்னே வேன் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். அவளும் கறுப்புதான். அதை நாம் சொல்லவில்லை. அவருக்கே நினைவு வந்தது. வெகுநேரம் பேசாமலிருந்தார். அந்தப் பெண் மனுக் கொடுத்தால், அன்று கடையில் கூவியவன் யார், என்ன சொன்னான் என்று சாட்சி சொல்லத் தாம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.