வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் வடக்கன்குளம். அங்கே 1872இல் அர்ச்சிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில் பீடம் ஒன்று. அதிலிருந்து காற்சட்டையின் கால்களைப் போலப் பிரிந்து செல்லும் நீண்ட கூடங்கள் இரண்டு. ஒன்றில் பிள்ளைமாரும் முதலிமாரும் முழந்தாளிட்டார்கள். மற்றதில் நாடார்களும் ஏனைய சாதியாரும். நடுவே சுவர். பூசை வைக்கும் சாமியாரை இரண்டு கூடத்தாரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குருக்களின் சம்மதத்தோடு, வரைபடம் போட்டு, கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய ஏற்பாடு இது.

1910 வாக்கில் அந்தச் சுவரை இடித்தவர்களும் குருக்களே. சுவரைத் திரும்பக் கட்டித்தரும்படி மேல்சாதிக் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் தீர்ப்பு வந்தது: கிறிஸ்தவக் கோவிலுக்குள் சாதித் தீட்டை ஓர் உரிமையாகக் கேட்க முடியாது.

தமிழில் இன்னும் எழுதப்படாத பெரிய வரலாற்று நாவல் இங்கே கிடக்கிறது என்று உறுதியாக நம்புகிறோம்.

நம் வரலாற்றுப் புனைவு நெடுங்காலம் அரண்மனைகளைச் சுற்றியே வந்தது. கடற்கரைக் கத்தோலிக்கரின் நூற்றாண்டு வாழ்வை ஜோ டி குருஸ் ‘கொற்கை’யில் எழுதினார், பாமாவின் ‘கருக்கு’ம் இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளும் கோவிலடியில் நிற்கும் சாதியை நம் காலத்தில் வைத்துக் காட்டின. ஆனால் சபை தன் மரபோடு தானே மோதிய அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் எந்த நாவலாசிரியரும் நுழைந்து தங்கியதாகத் தெரியவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ போன்ற ஆய்வுகள் வாசலைத் திறந்து வைத்த பிறகும் இந்த நிலை வருத்தம் தருகிறது.

இதை எழுத வருபவருக்கு முன்னால் சுலபமான வழி ஒன்று உண்டு: சுவரை இடித்த வெள்ளைக்காரச் சாமியாரை விடுதலை வீரராக்கி, வழக்குப் போட்ட பிள்ளைமாரை வில்லன்களாக்கிவிடுவது. அந்த வழியில் போனால் நாவல் கெட்டுவிடும். ஏனென்றால் சாதிக்கு இடம் கொடுத்ததே சபைதான். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, துறவிக் கோலத்தில் தனிச் சமையலோடு வாழ்ந்து, சாதி ஆசாரத்தோடு ஞானஸ்நானம் பெறலாம் என்று காட்டினார். பூணூலுக்கும் குடுமிக்கும் 1623இல் போப்பாண்டவரின் அனுமதியே கிடைத்தது. மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை இந்த உறுதிமொழியில் வளர்ந்தவரிடம் ஒருநாள் வந்து, ‘சாதி பார்ப்பது பாவம்’ என்கிறார் பங்குச்சாமி. ‘அப்படியென்றால் எங்கள் பாட்டனுக்கு ஏன் சாமி தனி இடம் கொடுத்தீர்கள்?’ என்று அவர் கேட்பார் அல்லவா? அந்தக் கேள்விக்குச் சபையிடம் நேர்மையான பதில் இருந்திருக்க முடியாது. அவர் கேட்பது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தை அவருக்கு மரபென்று கொடுத்ததே சபைதான். காலையில் செபமாலை சொல்லி, மதியம் வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சுவர் வேண்டும் என்று மனுவில் கையெழுத்திடும் அந்தப் பக்தனின் மனத்துக்குள் போக வேண்டியது நாவலின் வேலை.

மறு கூடத்தில் இருந்தவர்களின் மனமோ இன்னும் கனமானது. தீர்ப்பில் வாதிகளின் குரல் இருக்கிறது, மிஷன் கடிதங்களில் குருக்களின் குரல் இருக்கிறது. சுவர் விழுந்த பிறகு வந்த முதல் ஞாயிறு பூசைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண் எங்கே நின்றாள், யாருக்குப் பின்னால் நன்மை வாங்கப் போனாள், திரும்பிப் பார்த்தவர்களின் முகத்தில் என்ன இருந்தது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. அதைப் புனைவுதான் சொல்ல வேண்டும்.

மறைசாட்சி தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றது இதே வடக்கன்குளத்தில்தான். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அதற்கு முன்பே அவர் பெயரிலிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் நீக்கிவிட்டது. பெயரில் போன சாதி ஊரில் போகவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் மோதல் மூண்டு, காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பியிருந்தார்கள்.

கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையின் மதுரை மறைமாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு அச்சில் கிடைக்கிறது. ஊரில் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சபைக்குள்ளிருந்து எழுதினாலும் வெளியிலிருந்து எழுதினாலும் சரி, எந்தக் கூடத்தின் வழித்தோன்றலாக இருந்தாலும் சரி, ஒரே ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்தவர்கள்கூட எங்களுக்கு அனுப்பலாம். அடுத்த இதழிலிருந்து அதற்கெனப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.