குருத்தை விரித்துப் பார்க்கும் பிள்ளைகள்

பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேளாண் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறேன். மேல்நிலை மாணவர்களுக்குப் பயிர்க் கண்காணிப்புப் போட்டி ஒன்றை இந்தப் பருவத்திலேயே தாங்கள் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

2018இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழு அதே ஆண்டு நம் காடுகளுக்கும் வந்துவிட்டது. என் பயிரில் இலைகள் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தன. சத்துக்குறைவு என்று நினைத்து உரம் வைத்தேன். அத்தனை வருடம் பாடம் நடத்திய நான் ஒரு செடியின் குருத்தைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் குருத்துக்குள் ஈர மரத்தூளைத் திணித்தாற்போல் எச்சம். அதற்கடியில் கொழுத்த புழு. தலையில் கவிழ்ந்த ‘ஒய்’ எழுத்து, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. அதன்பின் அடித்த மருந்தெல்லாம் எச்சத்தின் மேலேயே நின்றுபோனது. சிறு புழுவாக இருந்தபோதே பார்த்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா, அயோவா போன்ற மாநிலங்களில் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவினர் பள்ளி மாணவருக்குப் பயிர்க் கண்காணிப்புப் போட்டிகளை நடத்துகிறார்கள். பிள்ளைகள் அணி அணியாக வயலில் இறங்கிப் பூச்சி, நோய், களை, பயிரின் வளர்ச்சிப் பருவம் ஆகியவற்றை இனங்காண்கிறார்கள். மக்காச்சோளம் இவ்வளவு விளையும் நம் மாவட்டத்தில் இது ஏன் நடக்கக் கூடாது? வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் மையமே இருக்கிறது.

பெரிய செலவில்லை. கைக்கு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு நோட்டு போதும். வரப்போரத்தில் நின்று பார்த்தால் உண்மை தெரியாது. ‘டபிள்யூ’ எழுத்துப்போல் வளைந்து நடந்து, ஐந்து இடத்தில் இருபது செடி வீதம் நூறு செடி பார்க்க வேண்டும். எத்தனை செடியில் புழு, எத்தனை இலையில் முட்டைக்குவியல், பொறிவண்டும் சிலந்தியும் எவ்வளவு என்று எண்ணி எழுத வேண்டும். பிறகு மருந்து தேவையா என்று அணி கூடி முடிவுசெய்து காரணம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். போட்டிக்குரிய காடுகளில் ஒன்றாவது, ‘இங்கே மருந்து வேண்டாம்’ என்பதே சரியான விடையாக வரும் காடாக இருக்கட்டும். அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். புழுவைக் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடுகிற பழக்கம் என் தலைமுறையோடு போகட்டும். பெண்பிள்ளைகள் எல்லா அணியிலும் இருக்க வேண்டும். களையெடுப்பும் அறுவடையும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தானே செய்கிறார்கள்? அண்மையில் மருந்தடித்த காட்டில் எந்தப் பிள்ளையும் கால்வைக்கக் கூடாது.

புரட்டாசியில் விதைத்தது காலாண்டு விடுமுறைக்குப் பின் மூன்று நான்கு வாரப் பயிராக நிற்கும். பார்ப்பதற்கு அதுதான் பதம். தாங்கள் தேதி குறித்தால் போதும். என் காட்டில் ஓர் ஏக்கரை மருந்தடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் ஆசிரியர் ஒருவர்